கந்தசட்டி விரதமும் அம்மாவின் சலரோகக் குளிசைகளும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 66 வயது, சலரோகம் (நீரிழிவு) வந்து 14 வருடம். கந்தசட்டி விரதம் அதற்கும் முந்தியது; கலியாணமான காலத்திலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை. முதல் ஐந்து நாளும் பகலில் தம்பிலி இளநீர், இரவில் பாலும் பழமும். ஆறாம் நாள், சட்டியன்று தண்ணீர்கூட இல்லை.

போன வருடம் சூரன் போர் மாலை, கோயில் வீதியில் சூரன் சிங்கமுகத்தோடு நிற்கிற நேரம் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினார். பக்கத்தில் நின்றவர்கள் கலை (சாமி) வந்துவிட்டது என்று விலகிக் கும்பிட்டார்கள். சற்று நேரத்தில் சரிந்து விழுந்தார். யாரோ வாயில் கற்கண்டைத் திணித்தார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்தபோது இரத்தச் சீனி 48. குளுக்கோஸ் ஏற்றியதும் எழும்பிவிட்டார். விடிந்தால் விரதம் முடிக்கும் பாறணை என்பதால் அண்ணர் கையெழுத்து வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். "பிரசர் இறங்கினதுதான்" என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

இப்போது கிளினிக் புத்தகத்தில் உள்ளவை: மெட்ஃபோர்மின் 500 மி.கி. இரண்டு வேளை, கிளிக்லசைட் 80 மி.கி. காலையும் இரவும், பிரசருக்கு லொசார்ட்டன் 50 மி.கி., ஆறு மாதம் முன்பு சேர்த்த எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. மூன்று மாதச் சீனியின் கணக்கான எச்.பி.ஏ.1.சி. 6.6. இந்த முறை, "சாப்பிடாவிட்டால் சீனி எப்படி ஏறும்? ஆறு நாளும் குளிசையே வேண்டாம்" என்கிறார் அம்மா. விரதமே கூடாது என்கிறார் அண்ணர். அப்படிப் பிடித்தால் குளிசையை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. பாறணைக்கு மறுநாள் நீர்கொழும்பில் பேத்தியின் சாமத்திய வீடு வேறு. அம்மாவை விடலாமா, தடுக்கலாமா, ஊசியால் விரலைக் குத்தினால் விரதம் முறியுமா என்று மகள் கேட்கிறார்.

உங்கள் அம்மா விரதம் பிடிக்கலாம். ஆனால் போன வருடம் பிடித்த முறையில் முடியாது. இந்த வருடம் அவர் சொல்கிற முறையிலும் முடியாது. இரண்டிலும் ஆபத்து பசியால் வருவதில்லை, குளிசையும் சாப்பாடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதால் வருகிறது.

அது பிரசர் அல்ல

48 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. டெசிலீற்றருக்கு 70 மி.கி.க்குக் கீழே போனால் தாழ்சீனி. 54க்குக் கீழே மூளைக்கே எரிபொருள் போதாது. வியர்வை, நடுக்கம், குழறல், மயக்கம் என்று அம்மாவுக்கு வந்த ஒழுங்கு அப்படியே அதன் ஒழுங்குதான். போன வருடம் அவர் குளிசையை ஒரு வேளையும் தவறாமல் போட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். விழுத்தியது அதுதான்.

கிளிக்லசைட் கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று அது பார்ப்பதில்லை. கிளிபென்கிளமைட், கிளிமெப்பிரைட் இரண்டும் இதே குடும்பம்; அதில் கிளிபென்கிளமைட் முதியவர்களுக்கு மிகவும் மோசம். குளுக்கோஸ் ஏற்றியதும் ஆள் எழும்பி உட்காருவார். குளிசையின் வேலை அப்போதும் முடிந்திருக்காது. சில மணி நேரத்தில் சீனி மறுபடி இறங்கலாம், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். இந்தக் குளிசையால் சரிந்தவரை ஒரு இரவாவது மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அண்ணர் நல்ல மனதோடு வைத்த கையெழுத்து அந்த இரவில் பெரிய ஆபத்தில் முடிந்திருக்கலாம்.

6.6 என்பதை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். அது சராசரி. சராசரிக்குள் 48உம் ஒளிந்திருக்கும், 230உம் ஒளிந்திருக்கும். கிளிக்லசைட் எடுக்கும் 66 வயதுக்காரருக்கு 7க்கும் 7.5க்கும் இடையில் இருந்தாலே போதும். 6.6 என்றால், சாதாரண நாட்களிலும் அவருக்குச் சீனி இறங்குகிறதா, குளிசையைக் குறைக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 14 வருடச் சலரோகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: நரம்புகள் மந்தமாகி, வியர்வை, நடுக்கம் என்ற முன்னறிவிப்பே வராமல் நேரே குழப்பத்துக்குப் போய்விடுவார்கள்.

கலை வருவதைப் பற்றி வைத்தியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சலரோகக்காரருக்குக் கோயிலில் கலை வந்தால் கும்பிட்டபடியே ஒரு விரலைக் குத்திப் பாருங்கள், அவ்வளவுதான்.

குளிசைகளை ஒவ்வொன்றாக

அம்மா சொல்வதில் பாதி சரி. சாப்பாடு குறைந்தால் சில குளிசைகளைக் குறைக்கத்தான் வேண்டும். மற்றப் பாதி பிழை: சாப்பிடாமல் இருந்தாலும் ஈரல் இரவு பகலாகச் சீனியை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினியிலேயே 250, 300க்கு ஏறலாம். கீழே எழுதுவது கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டியது. வீட்டில் வைத்து நீங்களே மாற்றுவதற்கு அல்ல.

கிளிக்லசைட்டைச் சாப்பாடு இல்லாத வேளைக்குப் போடவே கூடாது. மாலையில் ஒரு நேரம் சாப்பிடும் விரதமென்றால் காலை வேளையை விட்டு, மாலைச் சாப்பாட்டோடு மட்டும், அதுவும் அளவைக் குறைத்துத் தருவது வழக்கம். சட்டியன்று முற்றாக இல்லை. பலர் மறப்பது ஐந்தாம் நாள் இரவு வேளையை. அன்றிரவு போட்டது மறுநாள் பகலிலும் வேலை செய்யும், ஆகவே அதையும் விட வேண்டும். உறையில் எம்.ஆர். என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது 24 மணி நேரம் மெதுவாகக் கரையும் வகை. அண்ணர் நினைப்பதுபோல் அதை அரைத்தால் மெதுவாக இறங்க வேண்டிய மருந்து விரைவாக இறங்கிவிடும்.

மெட்ஃபோர்மின் தனியே சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்காது. சாப்பிடும் நேரத்தோடு தொடரலாம். தண்ணீரும் இல்லாத நாளில், அல்லது வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் நிறுத்தி வைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தருவது புதிதாகச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின். இது சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும், கூடவே உடலின் நீரையும் கொண்டுபோகும். பட்டினியில் இருப்பவர் இதைப் போட்டால் உடல் கொழுப்பை எரித்துக் கீற்றோன் என்ற அமிலத்தை இரத்தத்தில் சேர்த்துவிடலாம். கொடுமை என்னவென்றால், அப்போது குளுக்கோமீற்றர் 160, 180 என்று ஒன்றும் நடக்காததுபோல் காட்டும். ஓங்காளம், வயிற்று நோ, மூச்சு வாங்குதல், காரணமில்லாத சோர்வு இவைதான் அடையாளம். விரதக் களைப்பு என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். நீண்ட பட்டினிக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள்: தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது, அடுத்த பிரதமையில் காப்புக் கட்டி விரதம் தொடங்கும். ஆகவே தீபாவளிக்கு ஓரிரு நாள் முன்பே குளிசை நின்றுவிடும், அதே நேரத்தில் வீட்டில் முறுக்கும் லட்டும் வந்து சேரும். அந்த இரண்டு மூன்று நாளும் சீனி ஏறத்தான் பார்க்கும். அதைக் கண்டு பயந்து குளிசையைத் திரும்பத் தொடங்காமல், லட்டைக் குறையுங்கள்.

லொசார்ட்டனைத் தண்ணீர் குடிக்கும் நாட்களில் தொடரலாம், வரட்டு விரத நாளில் வேண்டாம் என்று சொல்வதுண்டு. இங்கேதான் தம்பிலி வருகிறது. இளநீரில் சீனி இல்லை என்று பலர் நம்புகிறார்கள். 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 4 கிராம் சீனி இருக்கும். ஒரு பெரிய தம்பிலியில் மூன்று நாலு தேக்கரண்டி சீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய விஷயம் பொட்டாசியம், 100 மில்லிலீற்றரில் 250 மி.கி. அளவில். லொசார்ட்டன் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்த ஒருவர் அந்தக் குளிசையோடு நாளுக்கு மூன்று நாலு தம்பிலி குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒன்றோடு நிறுத்துங்கள். காப்புக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் பொட்டாசியமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்சுலின் போடும் வேறு வாசகர்களுக்கு ஒரு வரி: நீண்ட நேர இன்சுலினைத் தாமாக முற்றாக நிறுத்தக் கூடாது. முதலாம் வகை நீரிழிவு என்றால் உபவாசமே வேண்டாம்.

எந்த விரதம்?

ஆறு நாளும் உபவாசம் இருப்பது உத்தமம். இயலாதவர் ஐந்து நாளும் ஒரு பொழுது உண்டு, சட்டியில் மட்டும் உபவாசம் இருக்கலாம். இது வைத்தியர் கண்டுபிடித்த சலுகை அல்ல, நம் சைவ நூல்களிலேயே உள்ள முறை. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியது நீங்களும் நானும் அல்ல, காப்புக் கட்டும் குருக்கள். காப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்பு அவரைச் சந்தித்து, போன வருடம் நடந்ததைச் சொல்லுங்கள். சங்கற்பத்திலேயே "ஒரு பொழுது" என்று வைத்துக்கொண்டால் இடையில் முறித்தேன் என்ற மனக்குறை அம்மாவுக்கு வராது. பெரும்பாலான பிடிவாதத்துக்கு அடியில் இருப்பது இந்தக் குறைதான்.

மிளகும் தண்ணீருமாக ஆறு நாள் போக்கும் விரதம் இவருக்கு வேண்டாம், அதில் பேச ஒன்றுமில்லை. பால் பழ விரதமும் பார்க்க லேசாகத் தெரியும், சலரோகத்துக்கு லேசல்ல: பகல் முழுதும் வெறும் வயிறு, இரவில் நாலு கதலியும் சீனி போட்ட பாலும் என்றால் ஏற்றமும் இறக்கமும் ஒரே நாளில்.

ஒரு பொழுது உணவை மாலை பூசை முடிந்த பிறகு, 6 மணியளவில் வையுங்கள். சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு கீரை, ஒரு கைப்பிடி அவித்த கடலை, கொஞ்சம் தயிர். வெறும் சோறும் ஒரு குழம்பும் என்றால் இரண்டு மணி நேரத்தில் ஏறி நடுச்சாமத்தில் இறங்கிவிடும். பருப்பும் கடலையும்தான் விடியும்வரை இழுத்துப் பிடிக்கும். படுக்கமுன் சீனியில்லாப் பால் ஒரு கோப்பை, ஒரு சின்னக் கதலி. பகலில் தண்ணீர் கட்டாயம். ஐப்பசிக் கொழும்பில் மதியம் வரை புழுக்கம், பின்னேரம் இடிமழை. மழை பெய்கிறதே என்று தாகம் தெரியாது, வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். ஐந்து நாளும், நாளுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்கட்டும்.

சட்டியன்று உபவாசம் இருக்கத்தான் வேண்டும் என்றால் தண்ணீரோடு இருக்கட்டும். அதற்கும் நிபந்தனை: முதல் ஐந்து நாளில் ஒருமுறைகூட 70க்குக் கீழே போயிருக்கக் கூடாது. போயிருந்தால் சட்டியன்றும் ஒரு பொழுதுதான்.

விரலைக் குத்துவதும் வீதியில் நிற்பதும்

குத்திப் பார்ப்பதால் விரதம் முறிவதில்லை. உள்ளே ஒன்றும் போகவில்லையே. கொழும்பில் ரமழான் நோன்பு பிடிக்கும் சலரோகக்காரரும் நோன்போடுதான் குத்திப் பார்க்கிறார்கள். விரதத்தை எந்த எண்ணில் நிறுத்துவது என்பதற்கும் நோன்புக் கணக்கையே கைக்கொள்ளலாம்: 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ அந்த நாள் விரதம் அங்கேயே முடிந்தது. நோன்பில் ஒவ்வொரு இரவும் இரண்டு தரம் சாப்பாடு உண்டு, கந்தசட்டியில் அது இல்லை. ஆகவே நமக்குக் கண்டிப்பு இன்னும் கூட வேண்டும்.

காலை எழும்பியதும், மதியம், 4 மணி, சாப்பிடமுன், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் என்று பாருங்கள். அதற்கு மேல், அம்மா வழமையில்லாமல் எரிந்து விழுந்தாலோ பேசாமல் இருந்தாலோ உடனே பாருங்கள். குத்தமுன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பஞ்சாமிர்தம் பட்ட விரலில் குத்தினால், 60 இருக்கும் ஆளுக்கு 190 என்று காட்டும். நீங்களும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். ஸ்ட்ரிப் புட்டியின் திகதியையும் பாருங்கள், திறந்து மாதக்கணக்கானது வேண்டாம்.

சூரன் போர் அன்று அம்மாவை முன்வரிசையில் நெரிபட விடாமல், மண்டப ஓரத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். வெளியே போகும் வழி பக்கத்தில் இருக்க வேண்டும். சூரன் விழுந்த பிறகு வீதி நிறைந்துவிடும், மழையும் சேர்ந்தால் முச்சக்கரவண்டி கிடைக்காது. உங்கள் பையில் இருக்க வேண்டியவை: குளுக்கோமீற்றர், சிறிய போத்தலில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த அரைக் கோப்பை தண்ணீர், ஒரு பக்கெற் பிஸ்கற், குளிசைப் பட்டியல் எழுதிய தாள்.

70க்குக் கீழே இருந்து, ஆள் நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் அந்தச் சீனித் தண்ணீரை முழுவதும் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி குத்துங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறியதும் பிஸ்கற்றோ சோறோ ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சொக்கலேற்றும் பால்பாயாசமும் இதற்கு உதவாது. கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் தீர்த்தம், கற்கண்டு, தேன் ஒன்றும் விடாதீர்கள். போன வருடம் அந்தக் கற்கண்டு மூச்சுக்குழலுக்குள் போகாதது தப்பித்த தப்பு. ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. "சலரோகம், கிளிக்லசைட் எடுக்கிறவர்" என்ற இரண்டையும் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். இந்த முறை இரவு நிற்கச் சொன்னால் நில்லுங்கள், பாறணைச் சோற்றை வாட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அண்ணருக்கு

அம்மா தெளிந்த புத்தியோடு இருப்பவர். எதைச் சாப்பிடுவது, எந்த மருந்தை எடுப்பது என்பது அவருடைய முடிவு. பயத்தைச் சொல்லலாம், வாதாடலாம். பூட்டி வைக்க முடியாது. பாலில் ஒளித்துக் குளிசை கொடுப்பது பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. காலையில் தானே ஒன்றைப் போட்டிருந்து, இரவில் உங்களுடைய பாலில் இன்னொன்றும் போனால், மறுநாள் மருத்துவமனையில் கேட்கும் கேள்விக்கு அவரால் சரியான பதில் சொல்ல முடியாது. ஒருதரம் பிடிபட்டால் பிறகு உங்கள் கையால் தண்ணீரும் வாங்கமாட்டார்.

"விரதம் கூடாது" என்று தொடங்கினால் கதை அங்கேயே நின்றுவிடும். போன வருடம் வந்த 48ஐக் காட்டி, "பாறணை வரைக்கும் நீங்கள் நல்லாயிருக்க என்ன செய்யலாம், அம்மா?" என்று தொடங்குங்கள். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதை விரதத்துக்கு முன்பே அம்மாவின் வாயால் சொல்ல வைத்து, காலண்டரில் அவர் கையாலேயே எழுத வையுங்கள். தலை சுற்றுகிற நேரத்தில் தொடங்கும் வாக்குவாதத்தில் யாரும் வென்றதில்லை. கிளினிக்குக்கு நவராத்திரி தொடங்கமுன் போய்விடுங்கள். குளிசையை மாற்றி, மாற்றியது சரிவருகிறதா என்று பார்க்க மூன்று வாரமாவது வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் இல்லாமல் எழுதி வாங்கும் தாளை அவர் மதிக்கமாட்டார்.

பாறணையும் நீர்கொழும்பும்

ஏழாம் நாள் காலை, பசித்தவருக்கு வடையும் பாயாசமும் சர்க்கரைப் பொங்கலும் ஒரே இலையில் வரும். ஒரு பொழுது உண்டு வந்தவருக்கு அதனால் சீனி ஏறும், அவ்வளவுதான். வழமையான இலையில் பாதி, இனிப்பில் ஏதாவது ஒன்று, கரண்டியால் இரண்டு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாமல் மிளகு விரதம் இருந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு எச்சரிக்கை வேறு. திடீரென்று பெருஞ்சாப்பாடு உள்ளே போனால் பொசுபேற்று, பொட்டாசியம் போன்ற உப்புகள் இரத்தத்தில் சடாரென்று குறைந்து இதயத்தைப் பாதிக்கலாம். முதல் இரண்டு நாளும் அரை வயிறு போதும், சலரோகம் இல்லாதவருக்கும்.

கிளிக்லசைட்டும் மெட்ஃபோர்மினும் பாறணைச் சாப்பாட்டோடு பழைய அளவுக்குத் திரும்பலாமா என்பதைத் தாளில் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எம்பாகிளிஃப்ளோசினை அன்றே தொடங்க வேண்டாம். ஒரு முழு நாளாவது ஒழுங்காகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஓங்காளம் ஒன்றும் இல்லையென்றால்தான்.

சாமத்திய வீட்டுக்கு நீர்கொழும்பு போகிற நாளில் மண்டபச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்று அட்டையில் இருக்கும். ஆலாத்தி எடுத்து, படம் பிடித்து, பந்தி தொடங்க இரண்டரை ஆகும். காலையில் வெள்ளவத்தையில் இரண்டு இட்டலியாவது சாப்பிட்டுத்தான் வாகனத்தில் ஏற வேண்டும். சாப்பாட்டோடு போட வேண்டிய குளிசை இலையில் சோறு விழும்வரை பையிலேயே இருக்கட்டும். முதல் பந்தியில் அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டும் என்று மண்டபத்துக்குப் போனவுடனேயே சொல்லி வையுங்கள்.